நாய் என்னை வளர்த்தாள்

டிங்கர் வீட்டில் யாரும் கோபத்தில் கத்துவதில்லை. சும்மாவே கத்துவார்கள். "உப்பு எங்கே?" என்று கேட்பதற்கும் தெருமுனை வரை எட்டுகிற குரல் வேண்டியிருந்தது. வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. நடுவில் ஒரு தகரக் கதவு. காலை எட்டு மணிக்கு அவர் சுத்தியலைத் தூக்கினால், நசுங்கிய கார்க் கதவுகளும் மட்காடுகளும் பொழுது சாயும்வரை அடி வாங்கிக்கொண்டிருக்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில்தான் அந்தக் குடும்பம் பேசிக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், பாவம் இந்தப் பொம்பளை தினமும் புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாளே என்று ஒரு வாரம் பரிதாபப்படுவார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிடும்.

ஒடுக்கு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்பக்கம் விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும், நீண்ட தகடு திரும்பாது என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்லத் தட்டுவார். அப்படி ஒரு பொறுமை, தகட்டிடம் மட்டும்.

மனைவி ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் போனால் மாலையில்தான் வருவாள். அவளுடைய தம்பி அக்கா புருஷனின் பட்டறையிலேயே பெயின்டர். கை ஓய்ந்தாலும் அவனுக்கு வாய் ஓயாது. டிங்கரின் ஒரே மகளுக்குப் பூனை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். யார் பேசினாலும் அந்தப் பெண் கண்கொட்டாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "மீன் வெட்டுற இடத்துல பூனை நிக்கிற மாதிரியே நிக்கிறா பாரு" என்று ஒருநாள் சொன்னான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பூனைக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. வகுப்பே சேர்ந்து பாடத்தைக் கத்திப் படிக்கும்போது அவள் வாயும் கூடவே அசையும். தனியாக எழுப்பிவிட்டால் டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். மற்றபடி சமர்த்து. ஐந்து வயதிலிருந்து அவ்வப்போது காதில் சீழ் வடியும். அம்மா பஞ்சை வைத்துத் துடைத்துவிடுவாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் காய்ந்துவிடும், பிறகு மறுபடியும் வரும். "பிள்ளைங்கன்னா காது வடியத்தான் செய்யும்" என்பார் டிங்கர்.

அந்த நாள் நல்ல மழை. பட்டறைக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் சுத்தியல் சத்தமே அடங்கிப்போயிருந்தது. ஒரு வாடகைக் காரில் ஒடுக்கு எடுத்த இடத்தை நிரவப் பட்டி பூசி, காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூசு ஏறாமலிருக்க மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருந்தார். காரின் டிரைவரும் மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பூனை நனைந்துகொண்டே வந்து பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் கையெல்லாம் பட்டி. "என்னன்னு பாருடா" என்று மைத்துனனிடம் சொன்னார்.

பெயின்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, நாடகத்துக்குக் கட்டியம் கூறுகிறவன் மாதிரி தொண்டையைச் செருமினான். "சொல்வதை எழுதுதல். பத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் நோட்டு கொண்டு வந்ததுக்குப் போட்டிருப்பாங்க. முதல் வரி. 'நாய் என்னை அன்போடு வளர்த்தாள்.'"

டிரைவருக்கு டீ புரையேறிவிட்டது.

"இருங்க, இருங்க. ரெண்டாவது வரியில மாமா வர்றாரு. 'நந்தை எனக்கு தடை பழக்கினார்.' நந்தைன்னா யாரு மாமா? நீங்கதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். "டிங்கரே, முதல் வரிய வீட்டுல சொல்லிராதீங்க. இன்னைக்கு அடுப்பு பத்தாது" என்றார் டிரைவர். அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் பெயின்டர் சிவப்பு மையில் இருந்ததைப் படித்தான். அதைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. "வேண்டுமென்றே கிண்டல் செய்து எழுதுகிறாள். பெற்றோர் வந்து பார்க்கவும்."

டிங்கர் மகள் பக்கம் திரும்பினார். "என்னடி இது?"

பூனை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். என்ன எழுதியிருக்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். மாமா சிரித்தபடி இருந்தான், டீ குடிக்கிறவர்கள் சிரித்தபடி இருந்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. கை போய்விட்டது. இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து விழுந்தது அந்த அடி. இருபது வருஷம் சுத்தியல் பிடித்த கை. பூனை காரின் மேல் சாய்ந்து, தேய்த்து வைத்த பட்டியில் விரல் பதிய ஊன்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை. எதற்கு என்று தெரியாத மாதிரி பார்த்தாள்.

மாலையில் ரொட்டிக் கடையிலிருந்து வந்த மனைவி மகளின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலும் தெரிந்தது.

"எத்தனை அடி?"

"ஒண்ணுதான்."

"எதுக்கு?"

அவர் நோட்டைக் காட்டினார். அவள் படித்தாள். "என்னத்தானே நாய்னு எழுதியிருக்கா? எனக்கே கோவம் வரலையே, உங்களுக்கு எதுக்கு வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்கப் பூனைக்கு இடது காதில் வலி. சொட்டு மருந்து விட்டார்கள். வலி நின்றது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது அவளுக்கு. கூப்பிட்டால் முகத்தை நேராகத் திருப்பாமல், வலது பக்கம் முன்னால் வருகிற மாதிரி கழுத்தைச் சாய்ப்பாள். டிங்கர் அதைக் கவனித்தார். அடித்த கோபம் இன்னும் போகவில்லை, முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வருஷக் கடைசியில் அவளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறாது, வேறு ஏதாவது கைவேலை பழக்குங்கள் என்று பழைய டீச்சர் சொல்லி அனுப்பினார். அந்த டீச்சர் மாற்றலாகிப் போய், புது டீச்சர் ஒருவர் வந்தார்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் புது டீச்சர் பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். ஒல்லியான பெண்மணி. குடையை மடக்கிக்கொண்டே ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்க முடியுமான்னு கேட்டேன்" என்றார் டீச்சர்.

"அது முடியாத காரியம்தான். சொல்லுங்க டீச்சர். மறுபடியும் ஏதாவது எழுதிட்டாளா?"

"எழுதியிருக்கா. அதைக் காட்டத்தான் வந்தேன்." டீச்சர் ஒரு நோட்டைப் பிரித்தார். "ரெண்டு மாசமா இவ பண்ற தப்பையெல்லாம் தனியா எழுதி வெச்சிருக்கேன். நானும் முதல்ல மக்குன்னுதான் நெனச்சேன், பொய் சொல்லக்கூடாது. அப்புறம் பாத்தா எல்லாத் தப்பும் ஒரே மாதிரி இருக்கு. மரம்னு சொன்னா பரம்னு எழுதறா. தாய்னா நாய். ஆனா ப-வையும் க-வையும் மாத்தவே மாட்டேங்கறா. ஏன்?"

"ஏன்?" என்றான் பெயின்டர்.

"கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க."

அவன் பக்கத்திலிருந்த காரின் கண்ணாடியைத் திருப்பிவைத்துக் குனிந்தான். "பரம். மரம். பரம். மரம்." நிமிர்ந்தான். "வாய் ஒரே மாதிரிதான் போகுது."

"கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். காதால கேட்டாத்தான் வித்தியாசம்" என்றார் டீச்சர். பிறகு பூனையைத் தன் எதிரில் நிறுத்தினார். "மதியம் என்ன சாப்பிட்ட?"

"முட்டையும் ரொட்டியும்."

டீச்சர் நோட்டைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார். அதே குரலில் கேட்டார். "உன் ஃப்ரெண்டு இன்னைக்கு வந்தாளா?"

பூனை நோட்டின் அட்டையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். டீச்சர் இன்னொரு தடவை கேட்டார். பூனை சிரித்தாள்.

டிங்கருக்கு அந்தச் சிரிப்பு அடையாளம் தெரிந்தது. அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தூசுக்குக் கட்டுகிற துணி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபடி, பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, காது கேக்கலைன்னு நீ ஏன் சொல்லவே இல்ல?" என்று டீச்சர் நோட்டை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"கேக்குமே" என்றாள் பூனை. "டீச்சருங்க போர்டு பக்கம் திரும்பினா பேச மாட்டாங்க. அப்ப மட்டும்தான் கேக்காது."

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அலைந்தார்கள். கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறையில் பூனையை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். டிங்கர் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை எழும், இறங்கும். பிறகு வெகு நேரம் எழவே இல்லை. எழு, எழு என்று அவர் தன் கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். வலது காதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே கேட்கிறது, மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும். இடது காதில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, சீழ் உள்ளே போய் எலும்பையும் அரித்திருக்கிறது. சீழை நிறுத்தலாம், கேட்கவைக்க முடியாது.

"அடிபட்டா ஜவ்வு கிழியுமா டாக்டர்?" என்றார் டிங்கர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"கிழியும்."

"சீழ் வடிஞ்சா?"

"அதுலயும் கிழியும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இப்பப் பாத்து எதுன்னு சொல்ல முடியாதுங்க. வைத்தியம் ஒண்ணுதான்."

"சுமாரா, ஒரு உத்தேசத்துக்குச் சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர் மறுபடியும்.

திரும்பி வரும் வழியெல்லாம், கூட வந்திருந்த பெயின்டர் கணக்குப் போட்டுச் சமாதானம் சொன்னான். "மாமா, அவ நாய்னு எழுதினப்புறம்தானே நீங்க அடிச்சீங்க? அப்ப அதுக்கு முன்னாடியே கேக்கலைன்னுதானே அர்த்தம்?" கணக்கு சரிதான். ஆனால் அடிபட்ட பிறகுதானே கழுத்தைச் சாய்க்க ஆரம்பித்தாள்? அது டிங்கருக்கு மட்டும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

மெஷின் வந்தது. கொண்டைக்கடலை அளவில் ஒரு சாமான், வலது காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் முதல் அடியை அடித்தார். உள்ளேயிருந்து ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், பூனை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள்.

"அப்பா இவ்ளோ சத்தமாவா அடிப்பாரு?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

ரொட்டிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மெஷின் மாட்டிவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று டிங்கர் நினைத்திருந்தார். டீச்சர் இல்லை என்றார். "நாலு வருஷம் இவ காதுக்கு வராத ஒலியெல்லாம் இப்பத்தான் வருது. எது ப, எது ம-ன்னு இப்பத்தான் முதல் தடவையா தெரியப்போகுது. கூட்டத்தோட சேர்ந்து கத்தறதுல இவளுக்கு ஒண்ணும் ஏறாது. ஒவ்வொரு ஒலியா பிரிக்கணும். அப்புறம் சேர்க்கணும். மறுபடி பிரிக்கணும். தினம் இருபது நிமிஷம் வீட்டுல செய்யுங்க, போதும்."

"நான் அஞ்சாவதுதான் டீச்சர்."

"அஞ்சாவது ஏராளம். ஒண்ணே ஒண்ணு. திட்டக்கூடாது. தெரியலைன்னா நீங்களே சொல்லிட்டு, மறுபடி அவளைச் சொல்ல விடுங்க."

டீச்சர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு 'ம' சொன்னால் விரலுக்கடியில் வண்டு மாதிரி துடிக்கும். 'ப' சொன்னால் துடிக்காது. 'ந' துடிக்கும், 'த' துடிக்காது. காதுக்குச் சந்தேகம் வந்தால் விரல் சொல்லிவிடும். வகுப்பில் அவளை முன்வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தார், நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி. போர்டில் எழுதும்போது பேசுவதை நிறுத்திவிட்டு, திரும்பி நின்று பேசினார்.

டிங்கர் தினமும் நாலு மணிக்குச் சுத்தியலைக் கீழே வைக்க ஆரம்பித்தார். ஐந்து மணி வரை தொட மாட்டார். அவசரத்துக்கு வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இரண்டு பேர் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரு மணி நேரம் அப்பாவும் மகளும் மூக்கைத் தொட்டுக்கொண்டு, அட்டையில் வெட்டிய எழுத்துகளை முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "இங்க என்ன, சளி பிடிச்சவங்க சங்கமா?" என்று கேட்டுவிட்டுப் பெயின்டரும் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"ம."

"துடிக்குது."

"ர."

"ம், ர... மர..."

"சேர்த்துச் சொல்லு. அவசரமில்ல."

எல்லா நாளும் இப்படிப் போய்விடவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் அவளைவிட வேகமாகப் படிக்கிறதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் பூனை அட்டைகளை அள்ளிப் பட்டித் தண்ணீர் வாளியில் போட்டாள். மெஷினையும் கழற்றி எறிந்தாள். "எனக்கு வேணாம்! முன்னாடி மாதிரியே இருக்கேன்! முன்னாடி யாரும் என்ன வேலை வாங்கல!" டிங்கரின் கை அசைந்தது. அவர் அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு மெஷினை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, வாளிக்குள் கையை விட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார். துணியில் ஒற்றிக் கார் பானெட்டின் மேல் காயப்போட்டார்.

அன்றைக்கு மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்றார்.

"நான் ஒரு அடிதான் அடிச்சேன்."

"நான் ஏதாவது சொன்னேனா?"

"சொல்லு. இத்தனை மாசமா நீ ஒண்ணுமே சொல்லல. சொல்லித் தொலையேன்."

அவள் கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நாலு வருஷம் அந்தக் காது வடிஞ்சுது. தினமும் பஞ்சு வெச்சுத் துடைச்சது நான். துடைச்சுத் துடைச்சு, சரியாயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு வேலைக்கு ஓடினது நான். ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்காவது ஒரு அடி. எனக்கு நாலு வருஷம். நீங்க என்னத் திட்டச் சொல்றீங்க. என்னத் திட்டச் சொல்லி நான் யார்கிட்டப் போய்க் கேக்கட்டும்?"

அவர் கழுவிய தட்டுகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

குளிர்காலம் தொடங்கியபோது பூனை யாரும் கேட்காமல் ஒரு சொல்லைப் படித்தாள். அம்மா கொண்டுவந்த ரொட்டிக் கடைக் காகிதப் பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் தொட்டு, "பன்" என்றாள். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்து, "மன் இல்ல. பன்" என்றாள். அம்மா பையை வாங்கி, தானும் ஒரு முறை படித்துப் பார்த்தாள், முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி. பெயின்டர் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான்.

அதன் பிறகு சொல் சொல்லாக, வரி வரியாக வந்தது. மெதுவாகத்தான் வந்தது. நாலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும்போது, அவள் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். "போகட்டும். இவ படிக்கிறதுதான் படிப்பு" என்றார் டீச்சர்.

ஒரு நாள் நாலு மணி. பெயின்டர் வெளியே போயிருந்தான். பட்டறையில் பிரித்துப்போட்ட கார் கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. பூனை பலகையில் உட்கார்ந்து படகுக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். டிங்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ப-ட-கு. படகு. மெ-ல்-ல. மெல்ல."

குனிந்த அவள் தலையையும், எழுத்தின் கீழே நகர்கிற விரலையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதமாக வாய்வரை வந்து திரும்பிப்போன கேள்வி அன்றைக்கு எப்படியோ வெளியே வந்துவிட்டது.

"பூனை... அன்னைக்கு மழையில அப்பா அடிச்சேனே. அதுக்கு முன்னாடி அந்தக் காது கேட்டுச்சா? அதுக்கப்புறம்தான் போச்சா?"

"ந-க-ர்-ந்-த-து. நகர்ந்தது."

விரல் அடுத்த சொல்லுக்குப் போனது. அவள் தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அவளுக்கு இடது பக்கம்.

அவர் எழுந்தார். பலகையைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தார். பூனை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தைச் சாய்த்து, அவர் வாயைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

அவளுடைய முகம் தெளிவாக இருந்தது. எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிற முகம்.

"ஒண்ணுமில்ல" என்றார். "அந்த வரிய இன்னொரு தடவை படி."

"முதல்லருந்தா?"

"முதல்லருந்து."

அவள் விரலைப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். "படகு மெல்ல நகர்ந்தது" என்று இந்தத் தடவை எங்கும் நிற்காமல் படித்துவிட்டு, சரிதானா என்று அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். ஐந்து மணி அடித்த பிறகும் சுத்தியலை எடுக்கவில்லை.